நாற்காலி காலியாகவே இருக்கட்டும்

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு விருதுநகர் மாவட்டத்தின் 450 ஊராட்சிகளிலும் தலைவர் இல்லை, துணைத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலுக்குத் தேதி குறிக்கப்படவில்லை. அதற்காக அருப்புக்கோட்டையில் கடையடைப்பு நடக்கவில்லை. திருச்சுழியில் யாரும் மறியலுக்கு உட்காரவில்லை. நரிக்குடிக்குப் போகிற பஸ் வழக்கம்போல் போனது. மளிகைக்கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் "அண்ணாச்சிக்கு என்ன, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரிக்கிற சனம், ஊராட்சி மன்றமே பூட்டப்பட்டதற்கு ஏன் என்று கேட்கவில்லை.

சனத்தைக் குறை சொல்ல முடியாது. மளிகைக்கடை திறந்திருந்தபோது அங்கே பருப்பாவது கிடைத்தது.

ஊராட்சி மன்றம் முடிவெடுக்கும் முறையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதலில் வேலை முடியும். அப்புறம் பில் வரும். பில்லுக்குத் தோதாகத் தீர்மானம் எழுதப்படும். கடைசியாக, அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய கூட்டத்துக்கு ஒரு தேதி தேடிப்பிடிக்கப்படும். விவாதம், வாக்கெடுப்பு, மறுப்பு முதலிய வீண் செலவுகள் இதில் கிடையாது. மினிட் நோட்டு டூவீலரில் ஏறி மெம்பர் மெம்பராகப் போகும். கரிமூட்டத்துக்குக் கருவேல விறகு அடுக்கிக்கொண்டிருக்கும் மெம்பர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்குவார்.

"எதுக்குத் தம்பி இது?"

"போன மாசக் கூட்டத்துக்கு மாமா."

"நான் வந்திருந்தேனா?"

"வந்திருந்தீக. தெருவிளக்கைப் பத்திக் காரசாரமாப் பேசுனீக."

"அப்பச் சரி" என்று தன் காரசாரத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். இந்த வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் உண்டு, மிளகாய் விலை பொய்த்த வருஷம் உண்டு. 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற வரி பொய்த்த வருஷம் கிடையாது.

பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்று நல்ல எண்ணம். ஊர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது: கண்காணிப்புக்கு விலை வைத்துவிட்டது. துணைத் தலைவர் தேர்தலுக்கு மெம்பர்களைக் காரில் ஏற்றிக் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டுபோய்க் காப்பாற்றுவது எதற்காக என்று யாராவது நினைத்தால், இரண்டாவது கையெழுத்தின் மகிமையை அவர்கள் அறியாதவர்கள்.

சரி, உண்மையான முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன? கம்மாயில் மீன்பாசி குத்தகை யாருக்கு, கரையில் நிற்கிற சீமைக்கருவேலத்தை வெட்டும் உரிமை யாருக்கு, மடையை என்றைக்குத் திறப்பது, கலுங்கு தாண்டுகிற தண்ணீர் எந்த ஊர்க் கம்மாய்க்குப் போக வேண்டும்: இந்தச் சீமையில் உயிர்போகிற விஷயங்கள் இவைதாம். கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடி இவற்றை முடிவு செய்கிறது. அந்த ஊர்க்கூட்டத்தில் காலனிக்கு இடமில்லை. பெண்களுக்கு இடமில்லை. ஊரில் பாதிக்கு மேலானவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதற்கு ஊர் என்று பெயர். அங்கே முடிந்ததை ஊராட்சி நோட்டில் ஏற்றுவது மட்டுமே மன்றத்தின் வேலை.

அரசாங்கமும் அதே மரியாதையைத்தான் தருகிறது. கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள் இருந்தால் அது ஊராட்சி ஒன்றியத்தினுடையது. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையினுடையது. ஊராட்சிக்கு அதில் உள்ள உரிமை, கோடையில் கரைமேல் நின்று பார்ப்பது. அரசியல் சாசனத்தின் 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன: வேளாண்மை, சிறுபாசனம், மீன்வளம், குடிநீர், பள்ளிக்கூடம், சந்தை என்று ஒரு முழு ராஜ்யம். 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த அட்டவணை, அட்டவணையாகவே பத்திரமாக இருக்கிறது. ஊராட்சிக்கு வந்து சேர்ந்தது தெருவிளக்கு, குப்பை, தொட்டியில் பிளீச்சிங் பவுடர். ஊராட்சி ஒன்றியம் என்கிற ஏற்பாடே காமராஜர் ஆட்சியில் வந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அவர் பிறந்த மாவட்டத்தில்தான் நாம் பிளீச்சிங் பவுடருக்குத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு அதிகாரமில்லாத நாற்காலிக்கு என்ன விலை போகும் என்று நினைக்கிறீர்கள்? 2019 தேர்தல் சமயத்தில் ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 60,000. அந்த டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. மதிப்பூதியத்தை மட்டும் சேர்த்துவைத்து 50 லட்சத்தை மீட்க 416 வருஷம் ஆகும். இதற்குப் பெயர் சேவை மனப்பான்மை என்றால் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு மதிப்பூதியத்தை 2,000 ஆக்கினார்கள். 208 வருஷத்தில் மீட்டுவிடலாம். ஏலம் நடக்கிற ஊர்களில் பணம் கோயிலுக்கு என்பார்கள். ஜனநாயகத்தை விற்ற காசில் சாமிக்கும் பங்கு வைத்துவிட்டால் யார் கேட்பது? 'போட்டியின்றித் தேர்வு, ஊர் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு' என்று பேப்பரில் போட்டோவும் வரும்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, அதே 2019 டிசம்பரில், தலைவர் பதவியை ஏலம் விடுவதை எதிர்த்துக் கேள்வி கேட்ட இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஓட்டுப்பெட்டி ஊருக்குள் வருவதற்கு முன்பே ஊர் ஓட்டை எண்ணி முடித்துவிட்டது. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டை உயிரோடு விடவில்லை. அந்த ஒற்றுமைக்குத்தான் போட்டோ.

பெண்கள் ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1996இல் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதைப் பாதியாக்கியது. ஆண்கள் துளியும் கலங்கவில்லை. வீட்டில் ஒரு வேட்பாளர் சமைத்துக்கொண்டிருந்தார். போஸ்டரில் அந்த அம்மா படம் சின்னதாக ஓரத்தில்; வீட்டுக்காரர் படம் கும்பிட்ட கையோடு நடுவில். ஒன்றிய அலுவலகத்தில் 'தலைவர் வந்திருக்காக' என்றால் உள்ளே வருகிறவர் வெள்ளை வேட்டியில் வருவார். போனை எடுத்து 'பிரசிடெண்டு பேசுறேன்' என்பவர் மீசையோடு பேசுவார். வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவும் அவரிடம்தான் பேசுவார், இன்ஜினீயரும் அவரிடம்தான் அளவுப் புத்தகத்தை நீட்டுவார். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நாற்காலியில் உட்காருவது ஆள்மாறாட்டம். பரீட்சை எழுதப் போன இடத்தில் செய்தால் போலீஸ் பிடிக்கும். ஒன்றிய அலுவலகத்தில் செய்தால் டீ வரும்.

இதையெல்லாம் மீறித் தானே கூட்டம் நடத்தி, தானே கணக்குக் கேட்டு, கடைசித் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோன பெண் தலைவர்கள் உண்டு. அவர்களில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஊர் கொடுத்த பரிசையும் நாடு பார்த்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார, தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டார். அதே 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, சில நாள் கழித்து, அதிகாரிகள் சூழ நிற்க ஏற்றினார். சுதந்திரம் அந்த ஊருக்குத் தாமதமாக, போலீஸ் பாதுகாப்போடு வந்தது.

கிராம சபைக்கு வருவோம். வருஷத்துக்கு நான்கு என்றிருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் உண்டு. ஊரில் 500 பேர் வரை இருந்தால் 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். நூறுநாள் வேலைக்கு வருகிற பெண்கள் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் கோரம் என்கிற சொல்லே வழக்கொழிந்திருக்கும். "கூட்டத்துக்கு வராட்டி அட்டையில பேர் இருக்காது ஆத்தா" என்று ஒரு வார்த்தை போதும். நோட்டில் கைநாட்டு, கையில் கேசரிப் பொட்டலம், மரத்தடியில் நிழல். தீர்மானப் பொருள்கள் மேலிடத்திலிருந்து முன்னாலேயே அச்சாகி வந்துவிடும்: டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு. மழையே காணாத வருஷத்திலும் மழைநீர் சேகரிப்புத் தீர்மானம் தவறியதில்லை. வரவு செலவு அறிக்கையை யாருக்கும் காதில் விழாத வேகத்தில் வாசிப்பதற்கு ஊராட்சிச் செயலர்களுக்குத் தனிப் பயிற்சி தருகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நடுவில் ஒரு கிழவி எழுந்து, பைப்பு போட்டு வருஷமாச்சு, தண்ணி எப்போ வரும் என்று கேட்பாள். "உக்காருங்க அப்பத்தா, அதைத்தான் எழுதிக்கிட்டிருக்கோம்" என்பார்கள். எழுதத்தான் செய்வார்கள். அப்பத்தா கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம்.

ஒரு வேளை சபை நிஜமாகவே ஒரு முடிவெடுத்து, 'இந்த ஊருக்கு மதுக்கடை வேண்டாம்' என்று தீர்மானம் போட்டுவிட்டால்? அது கோரிக்கை மனுவாகக் கருதப்பட்டு உரிய நடவடிக்கைக்காகக் கோப்பில் உறங்கும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல், உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. 12ம் ஒரே குரலில் சொல்லின. வேதாந்தா கம்பெனியின் திட்டம் அங்கேயே நின்றது. அந்த மலைவாசிகள் கையில் வன உரிமைச் சட்டம் இருந்தது. நம் கையில் கேசரி இருக்கிறது.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைப் புரட்டுங்கள். 202ஆவது பிரிவின்படி ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. 205ஆவது பிரிவின்படி தலைவரையே பதவியிலிருந்து இறக்கலாம். மன்றத்தின் கருத்தைத் தாசில்தார் கேட்டு எழுதுவார், முடிவு கலெக்டருடையது. மக்கள் ஓட்டில் வந்த முதலமைச்சரைத் தலைமைச் செயலாளர் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? ஊராட்சித் தலைவரை அனுப்பலாம். ஆளுநர் ஒரு மசோதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது ஜனநாயகப் படுகொலை, மாநில சுயாட்சிக்கு விழுந்த அடி. கலெக்டர் ஒரு தீர்மானத்தைக் கிழித்தால் அது நிர்வாக நடைமுறை. சுயாட்சி தில்லியிலிருந்து சென்னைவரை வர வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டக் கூடாது.

முன்னோர் பெருமைக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னார். நம்மூர் மேடைகளிலும் குடவோலை இல்லாத பேச்சு கிடையாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்று அதே கல்வெட்டு சொல்வதை மட்டும் யாரும் மேடையில் வாசிப்பதில்லை. வாசித்தால் மேடை காலியாகிவிடும். அது பிராமணர்களின் சபை, நிலமுள்ள ஆண்களின் சபை, உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை என்பதையும் வாசிப்பதில்லை. நம் பாண்டி நாட்டிலேயே, திருநெல்வேலிப் பக்கம் மானூரில், அதற்கும் நூறாண்டு மூத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1,200 வருஷத்துக்கு முன் அந்தச் சபை ஒரு விதி செய்தது: வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் 'இல்லை, இல்லை' என்று குறுக்கே நிற்பவரும் அவருக்குத் துணைபோகிறவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் 'இல்லை' என்று சொல்லவாவது சபையில் ஆள் இருந்திருக்கிறது. சொன்னால் ஐந்து காசோடு போயிருக்கிறது. 2019இல் என்ன விலை கேட்டார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அதைச் சுற்றி நடக்கிற கூத்து.

1996இல் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல்: இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்து வருஷம் அங்கெல்லாம் தலைவர் கிடையாது. ஒன்று, யாரும் மனுவே போட மாட்டார்கள், போட விடமாட்டார்கள். இல்லையென்றால், ஆதிக்க சாதியினர் தங்கள் கைக்குள் இருக்கும் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவியேற்பார், அந்தச் சூட்டோடு ராஜினாமா செய்வார். அதிகாரிகள் மறுபடி தேர்தல் அறிவிப்பார்கள். மறுபடி அதே நாடகம்.

ரோடு வேண்டாமா? பரவாயில்லை. தண்ணீர்த் தொட்டி? அதுவும் பரவாயில்லை. ஊருக்கு வர வேண்டிய பணம் திரும்பிப் போகட்டும், நம் பிள்ளைகளே இருட்டில் நடக்கட்டும். அந்த நாற்காலி காலியாகக் கிடக்கலாம். அவன் அதில் உட்காரக் கூடாது. பத்து வருஷம் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதற்கு ஒரு ஊர் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மினிட் நோட்டில் எழுதப்படாமலே எழுத்துப் பிசகாமல் அமல்செய்யப்பட்ட ஒரே தீர்மானம் அதுதான்.

அதேபோல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட, மேலூர்ப் பக்கத்து மேலவளவில் முருகேசன் ஜெயித்தார். பதவியும் ஏற்றார். சொன்னபடி ராஜினாமா செய்து வீட்டுக்குப் போகவில்லை. 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். கலெக்டர் அலுவலகத்தில் முறையிட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஊராட்சித் தலைவர் அவர். 205ஆவது பிரிவுக்குக் கலெக்டர் வேண்டும், தாசில்தார் வேண்டும், நோட்டீஸ் வேண்டும். சாதிக்கு அந்தச் சம்பிரதாயம் ஒன்றும் தேவைப்படவில்லை.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. அரசு மனம் வைத்தது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். கட்சிகளும் இயக்கங்களும் உழைத்தன. நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து நான்கு தலைவர்களையும் மேடையேற்றினார் முதலமைச்சர் கருணாநிதி. நல்ல காரியம்தான், மறுப்பில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு அரசாங்கத்தின் பக்கம் திரும்புகிறேன்.

நாற்காலியைக் காலியாக வைத்திருந்த குற்றத்துக்குக் கொட்டக்கச்சியேந்தலை நாடே காறித் துப்பியது. அதே குற்றத்தை மாநிலம் முழுக்கச் செய்தது யார்? 1986இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991இல் முடிந்தது. 1996 வரை தேர்தல் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீட்டைச் சொல்லி திமுக போட்ட வழக்கில் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. டிசம்பருக்குள் நடத்து என்று கோர்ட் சொன்னது. அதிமுக அரசு 2019 டிசம்பரில்தான் நடத்தியது. எதிர்க்கட்சி வழக்குப் போட்டது, ஆளுங்கட்சி வாய்தா வாங்கியது. இரண்டும் சேர்ந்து ஒத்துழைத்த அபூர்வமான தருணம். நகரங்களின் கதி இன்னும் விசேஷம். 36 வார்டு உள்ள அருப்புக்கோட்டை நகராட்சி 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை, அதாவது ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் மேல், கவுன்சிலே இல்லாமல் ஓடியது. சேர்மனை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறும்: 2001இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மறைமுகம். எந்த முறை நல்லது என்ற ஆராய்ச்சி அல்ல இது. அந்த வருஷம் எந்த முறையில் நம் ஆள் உட்காருவான் என்ற ஆராய்ச்சி.

அப்புறம் 2025. நம் விருதுநகர் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்கள். ஆறு மாதத்துக்கு என்று வந்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் நீட்டிப்பு. வார்டு மறுவரையறை வேலை இருக்கிறதாம். ஐந்தாண்டு முடியும் தேதி ஐந்தாண்டுக்கு முன்பே தெரியும். வார்டு பிரிக்கும் வேலை மட்டும் ஆறாவது வருஷம் திடுதிப்பென்று ஞாபகம் வந்தது. சாசனத்தின் 243இ பிரிவு, பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிடு என்கிறது. வார்டு வரையறை மாதிரியான வேலைகளைச் சாக்காகக் காட்டித் தள்ளாதே என்று உச்ச நீதிமன்றம் கிஷன்சிங் தோமர் வழக்கில் சொன்னது. எந்த வருஷம் தெரியுமா? 2006. கொட்டக்கச்சியேந்தலுக்கு நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே வருஷம். அந்த ஊர் பாடத்தைக் கேட்டுக்கொண்டது. நடத்திய வாத்தியார்தான் இன்னும் பெயிலாகிக்கொண்டிருக்கிறார்.

தனி அலுவலர் ராஜ்யத்தின் அழகைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்டத்தில் 450 ஊராட்சி, 11 ஒன்றியம். ஒன்றியத்துக்குச் சராசரி 41 ஊராட்சி. ஒரு பிடிஓ, 41 ஊருக்குத் தலைவர். அவரே தலைவர், அவரே துணைத் தலைவர், அவரே அத்தனை வார்டு மெம்பரும். அவரே பொருளை முன்வைத்து, தானே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிக்கொள்கிறார். மினிட் நோட்டு கரிமூட்டத்துக்குப் போகிற பெட்ரோல் மிச்சம். நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினமும் வந்து போனது. கல்யாணம் நடக்காத வீட்டில் ஆண்டுவிழா.

2025 ஜனவரியில் இந்த மாநிலத்தின் வருவாய்த் துறை அமைச்சர் அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.; நிதியமைச்சர் திருச்சுழி எம்.எல்.ஏ. வருவாயும் நிதியும் அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் இருக்க, நடுவில் இருக்கிற ஊராட்சிகளில் குழாய் உடைந்தால் கேட்க ஓட்டுப் போட்டு வைத்த ஆள் ஒருவர் இல்லை. உடைந்த குழாய்க்காக அமைச்சரையா போய்ப் பார்ப்பது? அப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடே. ஊருக்கு ஊர் ஒரு தலைவர் இருந்தால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கூட்டம் குறைந்துவிடும். மாநிலத்தில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அத்தனை ஊர்த் தலைவர்களும் எழுந்து நின்று, 29 பொருளில் எங்கள் பங்கு எங்கே, எங்கள் மத்திய நிதி எங்கே என்று கேட்டால் கோட்டைக்குத் தாங்காது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கணிசமானவர்கள் பட்டியல் சாதியினர். எழுந்து நிற்பவர்களே இல்லாமல் செய்வது சிக்கனமான வழி.

கொட்டக்கச்சியேந்தல் அஞ்சியதும் இதற்குத்தான், கோட்டை அஞ்சுவதும் இதற்குத்தான்: உட்காரக் கூடாதவன் உட்கார்ந்துவிடுவான். கிராமத்துக்காரன் முரடன், அரிவாளைத் தூக்கினான், அதனால் மாட்டிக்கொண்டான். கோட்டைக்காரர்கள் படித்தவர்கள், அரசாணையைத் தூக்குகிறார்கள். நான்கு ஊரில் தேர்தல் நடத்த அரசு போலீஸை அனுப்பியது. அரசாங்கத்தைத் தேர்தல் நடத்த வைக்க நாம் யாரை அனுப்புவது?

ஆள் இருக்கிறது. கேசரிப் பொட்டலத்தோடு மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டியாக வேண்டும். கோரம் காட்டியாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் டெங்குத் தீர்மானத்துக்கு முன்னால் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்: எங்கள் ஊராட்சிக்கு உடனே தேர்தல் நடத்து, தலைவர் இல்லாத காலத்து வரவு செலவை மெதுவாக வாசி. 'இது அஜெண்டாவில் இல்லை' என்பார்கள். 'மேலிடத்துக்குச் சொல்றோம்' என்பார்கள். 'அட்டையில பேர் இருக்காது' என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வரியும் நோட்டில் ஏறி, உரக்க வாசிக்கப்படும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டு வைக்காதீர்கள். உங்கள் பெருவிரல் இல்லாமல் கோரம் இல்லை. கோரம் இல்லாமல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் மேலே அனுப்ப அவர்களிடம் போட்டோ இல்லை. இத்தனை வருஷம் நாற்காலியை அவர்கள் பூட்டிவைத்தார்கள். மை டப்பாவை நாம் பூட்டிவைப்போம்.